ஆடுதுறையில தொலைஞ்ச குரங்கு

ஆசிரியருக்கு வணக்கம். மிருகம், பறவை பேருல இருக்குற ஊருங்கன்னாலே ஆனைமலை, கழுகுமலைன்னு சொல்லிட்டு எங்க ஆடுதுறைய விட்டுடுறாங்க. ரயில்ல போறவங்க ஏதோ ஆட்டை வச்சு வந்த பேருன்னு நினைக்கிறாங்க, ஆனா இது தென்குரங்காடுதுறை சார், சுக்ரீவன் வந்து சிவனைக் கும்பிட்ட இடம்னு தல புராணம், சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்காங்க, நாளடைவுல குரங்கு மட்டும் பேருலேருந்து விழுந்து போச்சு. வாலி கும்பிட்ட வடகுரங்காடுதுறை காவிரிக்கு அந்தாண்ட இருக்கு. பக்கத்துல மாயவரத்துக்கு 1982ல மயிலாடுதுறைன்னு பழைய பேரு திரும்பக் கிடைச்சுது, எவ்வளவு அழகான பேரு! எங்க ஊர் பேரை மாத்தச் சொல்லல, ஸ்டேஷன்லயும் பஸ் ஸ்டாண்டுலயும் இந்தக் கதையோட ஒரு போர்டு வச்சா ஸ்கூல் பிள்ளைங்களாவது படிக்கும், தயவுசெஞ்சு அதிகாரிங்க கவனிக்கணும்.

- ஒரு வாசகர், ஆடுதுறை