வால்வு இருக்கும் இடம் தெரிந்தவர்கள் ஓய்வுபெறுவதற்குள்

மதுரை மாநகராட்சி மேயர், ஆணையாளர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மதுரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது புதூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். காலையில் ஐடிஐ பக்கம் நடக்கப் போகும்போது, பையை மாட்டிக்கொண்டு உள்ளே போகும் பிள்ளைகளைப் பார்ப்பேன். இப்படிப்பட்ட பிள்ளைகளை மாநகராட்சி அப்ரண்டிஸாக, அதாவது வேலையோடு தொழில் பழகுபவர்களாக, நிறைய எடுக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் மனதில் ஓடும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் கையில் எப்போதும் மார்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி இருக்கும். ராத்திரி தெரு அடங்கின பிறகு, அதன் ஒரு முனையைக் குழாய்மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். கசிவு இருந்தால் மெல்லச் சீறுகிற சத்தம் கேட்கும். "இங்க இல்லடா, நாலடி தள்ளிப் பாரு" என்பார். தோண்டினால் அங்கேதான் ஈரம் இருக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்பதையும் அவர் கூடவே நடந்துதான் கற்றேன். அதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை.

என்னோடு நடக்க யாரையும் போடவில்லை. நான் ஓய்வுபெற்ற மறுவருஷம், தார் போட்டதில் ஒரு வால்வு மூடி ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. மூன்று நாள் தண்ணீர் இல்லை, ஐந்து இடத்தில் பள்ளம். கடைசியில் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். போய் இடத்தைக் காட்டினேன். காட்டிவிட்டுத் திரும்பும்போது வயிறு எரிந்தது. எனக்கப்புறம் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

மதுரை எவ்வளவு பெரிய ஊர்! 2011இல் 72 வார்டு 100 ஆனபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் தங்கள் தொட்டிகளோடும் குழாய்களோடும் வந்து சேர்ந்தன. தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வேறு. பம்ப், மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தெருவிளக்கு, வண்டிப் பட்டறை என்று கற்றுக்கொள்ள எத்தனை இடம் இருக்கிறது!

சட்டமும் இடம் தருகிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்திய விதிப்படி, ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கலாம். இப்போது எத்தனை பேர் இருந்தாலும் சரி, அந்தப் பதினைந்தை நோக்கிப் போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அவர்களை ஆபீஸில் ஃபைல் தூக்க விடாதீர்கள். ஓய்வுக்கு மூன்று, நான்கு வருஷம் இருக்கிற ஒவ்வொரு ஃபிட்டரோடும், எலக்ட்ரீஷியனோடும், பம்ப் ஆபரேட்டரோடும் ஒரு பிள்ளையைச் சேர்த்து அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. குறைந்த காசுக்கு ஆள் கிடைத்தது என்று காலிப் பணியிடத்தை இவர்களை வைத்து ஓட்டக்கூடாது. யாரையும் சாக்கடைக் குழிக்குள் இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உதவித்தொகை மாதாமாதம் தேதி தவறாமல் போக வேண்டும். வாடிப்பட்டியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளை அதை நம்பித்தான் வரும்.

பயிற்சி முடிந்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி அந்தந்த நிறுவனமே கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதை மாமன்றத்தில் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். வருஷம் முடிந்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்து, "சரி, போயிட்டு வாங்க" என்று அனுப்பினால், கற்றுக்கொடுத்த பெரியவருக்கும் மனசு விட்டுப்போகும்.

அந்த அண்ணனின் கம்பி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ராத்திரி எந்தத் தெருவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள் என்று சொன்னால், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர் ஃபிட்டர்,
புதூர், மதுரை