வானொலி மாலைக்குத் தோள் கொடுத்தோருக்கு

அன்புள்ள திருகோணமலை உறவுகளுக்கு,

சென்ற சனிக்கிழமை மாலை உவர்மலை மண்டபத்தில் பதிவான எங்கள் இசை, நாடக, உரை நிகழ்ச்சி ஞாயிறு இரவு வானொலியில் ஒலிபரப்பானது. பாடியவர்களையும் நடித்தவர்களையும் ஊரே கேட்டது. அவர்களுக்கான கைதட்டல் அங்கேயே கிடைத்துவிட்டது. இந்த மடல் குரல் பதிவாகாதவர்களுக்கு.

முதலில், மண்டபத்துக்கு அடுத்த தச்சுப் பட்டறை ஐயாவுக்கு. வாள் இயந்திரத்தை நிறுத்த முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அன்றைக்கு நேரத்தோடு பூட்டிவிடுகிறேன், தம்பி" என்றார். பூட்டியதோடு, குளித்து வேட்டி மாற்றிவந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். மின்விசிறிகளின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழுந்ததால் அவற்றையும் நிறுத்தவேண்டியிருந்தது. இரண்டு மணி நேரப் புழுக்கத்தில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சிணுங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன தாய் நாடகத்தின் முடிவை ஒலிபரப்பில்தான் கேட்டாராம். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

தம்பலகாமத்து அக்காவை எப்படி மறப்போம்? நாடகத்தில் நெல் புடைக்கும் காட்சி. கணினியில் எடுத்துவைத்திருந்த ஓசை உயிரில்லாமல் கிடந்தது. இலங்கை வானொலியில் 'சானா' சண்முகநாதன் வளர்த்துவிட்ட நாடகத்துக்குக் காதுதான் கண். அங்கே பொய் ஓசை எடுபடாது. அக்கா தன் சுளகையும் இரண்டு கொத்து நெல்லையும் கொண்டுவந்து, ஒலிவாங்கிக்கு ஓரடி தள்ளி நின்று புடைத்தார். நெல் விழுந்தெழும் சத்தத்தின் நடுவே வளையல் கிணுங்கியது. கழற்றவேண்டாம் என்று தயாரிப்பாளர் சைகை காட்டினார். ஒலிபரப்புக்கு மறுநாள் மூதூரிலிருந்து ஒருவர் அழைத்து, "எங்கள் அம்மாவின் முற்றம் கேட்டது" என்றார்.

1925 டிசம்பர் 16 இல் கொழும்பில் தொடங்கிய வானொலியின் கதையைப் பதினைந்தே நிமிடத்தில் சொல்லி முடித்த ஓய்வுபெற்ற அறிவிப்பாளருக்கும், பிளேன்ரீ ஊற்றிய மாணவர்களுக்கும் நன்றி.

அன்று பாடிய, கோணேசர் கோயில் மீதான சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் 'நிரைகழலரவம் சிலம்பொலி' என்று ஓசையிலேயே தொடங்குவது. அதன் பண் புறநீர்மை. இன்று அதைப் பூபாள இராகத்தில் பாடுவார்கள். விடியலுக்குரிய இராகத்தை அந்தியில் எடுப்பதா என்று பாடகி தயங்கினார். "பண்ணோடு பாடுங்கள் தங்கச்சி, கோணேசர் கேட்பார்" என்றார் எங்கள் ஓதுவார் ஐயா. அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதிகத்தின் நடுவில் மின்சாரம் போனது. கிண்ணியா நானா அரை மணி நேரத்துக்குள் மின்பிறப்பாக்கியோடு வந்து, அதன் உறுமல் கேட்காதபடி ஒழுங்கையின் கோடியில் வைத்து, அங்கிருந்து வயர் இழுத்துத் தந்தார். கூலி வாங்கவில்லை. இருட்டில் காத்திருந்த பாடகி விட்ட அடியிலிருந்தே மீண்டும் எடுத்தார்.

நானா, உங்கள் வயர்ச் சுருள் எங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
வானொலி மாலை ஏற்பாட்டாளர்கள்,
திருகோணமலை