அசனத்தில் உழைத்தவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

செய்தி கொடுத்த போதகர் ஐயரவர்களுக்கும் பாடகர் குழுவுக்கும் அன்றே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல், அசனம் என்னும் சபை விருந்தில் மேடைப் பக்கமே வராமல் உழைத்தவர்களுக்கு. 1 கொரிந்தியர் 12:28-இல் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் என்று சொல்லிவந்த பவுல், அதே மூச்சில் 'ஊழியங்களையும், ஆளுகைகளையும்' என்கிறார். நாம்தான் அந்த இடத்தில் வேகமாக வாசித்துவிடுகிறோம்.

முதலில் சமையற்கட்டு. அசனப் பந்திக்கு எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று கணக்கிட்டவர்களுக்கு நன்றி. வீட்டுக் கணக்கில் போட்டால் கடைசிப் பந்திக்குச் சோறு தட்டும். நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்காமல் உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தீர்கள். நடுப்பருக்கை லேசாக விறைப்பாக இருக்கும்போதே வடித்து, துணி விரித்த பாயில் பரப்பினீர்கள். சுடச்சுட அண்டாவில் குவித்து மூடினால் அடிச்சோறு குழையும், மாலைக்குள் வாடையும் வரும். இந்தப் பக்குவம் வரமில்லை என்று யார் சொன்னது?

காணிக்கை எண்ணியவர்கள் வெவ்வேறு குடும்பத்தார் இருவர். நோட்டுகளை வகைவாரியாகப் பிரித்து, ஆள் மாற்றி இரண்டு முறை எண்ணி, சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு, அன்றே ரசீது போட்டீர்கள். ஒருவர் மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணினால், பணம் சரியாக இருந்தாலும் பேச்சு கிளம்பும். 'ஆளுகை' என்ற இடத்தில் மூலமான கிரேக்கச் சொல் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதைக் குறிப்பது. கெங்கிரேயா துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்திருந்த கொரிந்தியருக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. ரோமர் 12:8 'முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்' என்பதும் தலைமை தாங்குகிறவரைத்தான். கடை முதலாளியை அல்ல.

படுக்கையில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களுக்குத் தனி நன்றி. இந்த வேலைக்குப் புத்திசொல்லும் வரமுள்ளவரை அனுப்பினால் நோயாளிக்கு அரைமணி நேர ஆலோசனை கிடைக்கும், குழம்பு ஆறிவிடும். அதே ரோமர் 12:8-இல் 'இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன்' என்று இருக்கிறது. நீங்கள் சிரித்த முகமாய்ப் போய், இலை விரித்து, தண்ணீர் வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தீர்கள்.

நன்றாகப் பாடுகிறவர் என்பதற்காகக் கணக்கையும், கணக்கு தெரிந்தவர் என்பதற்காக ஓய்வுநாள் பள்ளியையும் ஒருவர் தலையில் கட்டாமல் வேலை பிரித்த குழுத்தலைவருக்கும் வந்தனம்.

ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையும் வாலிபர்களும் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் இரண்டு அண்டாக்களும் ஒரு சாரணிக் கரண்டியும் ஆலய வராந்தாவில் இருக்கின்றன. இரவல் தந்தவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அசனக் குழுவினர்