அப்பத்தாவின் பிறந்தநாள் எது? விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடியப் போகிறது. வாடைக்காற்று ஏறிவிட்டது. கோயில் தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில் விடுமுறை வீட்டுப்பாடம் பற்றித்தான் உங்களுக்கு எழுதுவேன். இந்த முறை பிறந்தநாள்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எங்கள் அப்பத்தாவின் பிறந்தநாள் பள்ளியில் எழுதியிருக்குமா?" என்று கேட்டாள். அவளுடைய பிறந்தநாளுக்கு அப்பத்தா கொலுசு வாங்கித் தந்திருக்கிறார். "உங்கள் பிறந்தநாள் எப்போது?" என்று இவள் கேட்டதற்கு, "எனக்கு ஏது தாயி பிறந்தநாள்" என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மா படித்ததும் நம் பள்ளியில்தான். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தோம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 1969 ஜூன் மாதப் பக்கத்தில் பெயர் இருந்தது; பிறந்த தேதி 1.6.1964. சிறுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் விரலை வைத்து மேலும் கீழும் படித்துப் பார்த்தவள், "இவர்கள் எல்லாருக்குமே ஜூன் ஒன்றா?" என்றாள். அந்தப் பக்கத்தில் வரிசையாக ஆறு பேருக்கு அதே தேதி.

உங்களில் வயதானவர்களுக்கு இதன் காரணம் தெரியும். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதி கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளி ஜூனில் திறக்கும். வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். அதுவே பிறகு வாக்காளர் அட்டைக்கும் ஆதாருக்கும் போய்விடும். என் அம்மாவின் அட்டையிலும் அந்தத் தேதிதான் இருந்தது.

மறுநாள் அப்பத்தாவே பள்ளிக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நான் புயலுக்குப் பிறகு பிறந்தவள் டீச்சர். புயல் அடித்த எட்டாம் நாள். எங்கள் ஆத்தா வயிற்றுப் பிள்ளையோடு தனுஷ்கோடி மணல் மேட்டில் இரவெல்லாம் நின்றவர். பாம்பன் பாலம் போய்விட்டது, ரயில் கிடையாது. ராமேசுவரத்தில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் என்னைப் பெற்றார்" என்றார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அது. 23ஆம் தேதியை முதல் நாளாக வைத்து, சிறுமி விரல்விட்டு எண்ணினாள். டிசம்பர் 30. அறுபது வருடமாக அந்த அம்மாவுக்கு இல்லாதிருந்த பிறந்தநாள் என் மேசைமேல் கிடைத்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைவுதான். நம் கரையில் தேதி தெரியாதவர்கள் உண்டு. நாள் தெரியாதவர்கள் குறைவு. தமிழ் மாதமும் நட்சத்திரமும் சொல்வார்கள். இஸ்லாமியர்கள் ரஜப் மாதம் என்பார்கள், நோன்புக்கு முந்திய வாரம் என்பார்கள். சவேரியார் திருநாளுக்கு மறுநாள், கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போய் வந்த மாசி என்பார்கள். இவற்றிலிருந்து தேதியைக் கண்டுபிடிக்கலாம். பழைய பஞ்சாங்கம் வைத்திருப்பவர் ஒருவராவது ஊரில் இருப்பார்.

கிறிஸ்து பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நற்செய்தி நூலிலும் தேதி இல்லை. ரோமப் பேரரசர் அகுஸ்து சீசர் குடிக்கணக்கு எடுக்கச் சொன்னபோது, சிரியாவில் குரேனியு ஆளுநராக இருந்தபோது என்றுதான் லூக்கா எழுதுகிறார். நம் அப்பத்தா புயலைச் சொன்னது போலவேதான். டிசம்பர் 25 என்பது ரோமாபுரியில் 336ஆம் ஆண்டுக் குறிப்பில்தான் முதலில் தெளிவாகத் தெரிகிறது. நாள் பிந்திக் கிடைத்ததால் விழாவின் மகிழ்ச்சி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆகவே இந்த விடுமுறைக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம் போட்டு, வீட்டில் இருக்கும் எல்லாருடைய பிறந்தநாளையும் பிள்ளைகள் எழுத வேண்டும். தாத்தா, அம்மாச்சி, திருமணமாகாத அத்தை, தூரத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா எல்லாரும் வர வேண்டும். தேதி தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள் பிறந்தபோது என்ன நடந்தது?" என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதட்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் நாளைக் குறித்தால் போதும்.

கேட்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. நம் கரையில் குளிர் என்பது பெயருக்குத்தான். ஆனால் காற்றும் மழையும் எல்லாரையும் வீட்டுக்குள் உட்கார்த்தி வைத்துவிடும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, படகு போகாது. வருமானம் இல்லாத அந்த நாள்கள் எவ்வளவு பாரமானவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா பகலில் வீட்டில் இருப்பது பிள்ளைகளுக்கு அந்த நாள்களில்தான். வலை பொத்தும்போது பக்கத்தில் உட்கார வைத்து, ஊசியில் நூல் ஏற்றக் கொடுங்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் வாய் கதை சொல்லும். பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்குங்கள். புளியங்கொட்டை இல்லாவிட்டால் சோழி போதும். தாயக்கட்டத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துவிடலாம். பனங்கிழங்கு வரத் தொடங்கும் பருவம் இது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்து, நடுவில் இருக்கும் குருத்தை யார் தின்பது என்று சண்டை போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? அந்தச் சண்டை இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும். செல்போனை அந்த ஒரு மணி நேரம் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. குடிலுக்குப் புல் வேண்டுமென்றால் பத்து நாள் முன்னதாக ஒரு தட்டில் மண் பரப்பி நவதானியம் தூவி வையுங்கள். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அழகுக்காகக் கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டுகளைப் பிள்ளைகள் எடுத்து வர விடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பது தேசியப் பூங்கா. பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். மீன் குஞ்சுகள் வளரும் இடமும் அதுதான். நட்சத்திர விளக்குக்கு ஒட்டுப்போட்ட மின்கம்பியை மழையில் நனையும் இடத்தில் தொங்கவிடாதீர்கள்.

பள்ளியில் பிறந்தநாள் கொண்டாடுவதில் ஒரு மாற்றம் செய்கிறோம். ஜனவரி முதல் கேக்கோ சாக்லேட்டோ யாரும் கொண்டு வர வேண்டாம். சிலர் பெரிய டப்பா கொண்டு வருகிறார்கள். சிலர் பிறந்தநாள் அன்று பள்ளிக்கே வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டபோது ஒரு பையன் சொன்ன பதில் எனக்கு இன்னும் வலிக்கிறது. கடலுக்குப் போன அப்பா அக்கரையில் இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி பிறந்தநாள் பிள்ளையின் பெயரைக் காலை வழிபாட்டில் நானே படிப்பேன். அன்று அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வரலாம். பிள்ளை பிறந்த நாளின் கதையை அவர் வகுப்பில் சொல்லலாம். வர முடியாதவர்களின் கதையைப் பிள்ளை எழுதி வந்தால் ஆசிரியர் படிப்பார்.

தாள் தயாரிக்கும்போதே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆதார், பள்ளிப் பதிவேடு, சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் எழுதாமல் சான்றிதழ் வாங்கியிருந்தால், பிறப்பைப் பதிவு செய்ததிலிருந்து 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்திப் பெயர் சேர்க்கலாம். பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு ஓட வேண்டாம். சந்தேகம் இருந்தால் விடுமுறைக்கு முன் எந்த மாலையிலும் என்னை வந்து பாருங்கள்.

பள்ளி திறக்கும் நாளில் பிறந்தநாள் தாள்கள் வந்துவிட வேண்டும். வராந்தா சுவர் முழுவதும் ஒட்ட இடம் ஒதுக்கிவிட்டேன். பதிவேட்டில் ஜூன் ஒன்று என்று இருப்பவர்களின் உண்மையான நாளை, பிள்ளைகள் கண்டுபிடித்துத் தந்தால், ஒரு தனி நோட்டில் என் கையாலேயே எழுதி வைப்பேன். முதல் வரியில் 30.12.1964 ஏற்கெனவே எழுதியாயிற்று. அன்று அவர்கள் வீட்டில் பனங்கிழங்கு அவிக்கிறார்களாம்; சிறுமி என்னையும் அழைத்திருக்கிறாள். போகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்