கணபதியில ராத்திரி படிப்பகமும் பட்டறையும் – உங்க பங்கு வேணுமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத், பவுண்டரி, மோட்டார் வைண்டிங், தையல்னு வேலைக்கு போறவங்க கொஞ்ச பேரு சேந்து ஒரு படிப்பகம் ஆரம்பிக்கறோம், அதுக்கு நன்கொடை கேட்டுத்தான் இத எழுதறோம். படிப்பகம்னா பேப்பர் படிக்கற எடம் மட்டும் இல்லீங்க, ஒரு பாதி புத்தகம், மேஜை, கம்ப்யூட்டர், இன்னொரு பாதி ஒர்க் பெஞ்ச், ஒரு பழைய லேத், மீட்டருங்க, கருவிங்க. ராத்திரி 7 மணியில இருந்து பத்தரை வரைக்கும், ஞாயித்துக்கிழமை முழு நாளும் தொறந்திருக்கும். பீஸ் கிடையாது, என்ன படிச்சிருக்கேனு யாரும் கேக்கவும் மாட்டோம்.

எதுக்கு இதுனு கேப்பீங்க. எங்க கமிட்டியில ஒரு தம்பி இருக்காரு, எட்டாவதோட பள்ளிக்கூடத்த விட்டவரு, மோட்டார் வைண்டிங் பண்றாரு. கைவேலை அவ்ளோ சுத்தம். எரிஞ்ச மோட்டார் வந்தா பழைய காயில வெட்டி எடுத்து எத்தன சுத்துனு எண்ணி, கம்பி என்ன கேஜ்னு, அதாவது எவ்ளோ தடிமன்னு பாத்து, எந்த ஸ்லாட்ல (காயில் உக்கார்ற காடி) இருந்து எந்த ஸ்லாட்டுக்கு போயிருக்குனு குறிச்சு வச்சுட்டு அப்படியே திருப்பி சுத்திருவாரு. ஆனா காயிலே இல்லாம வெறும் ஸ்டேட்டரா (மோட்டார்ல சுத்தாம நிக்கற வெளிப்பகுதி) ஒண்ணு வந்துச்சுனா, இல்ல முன்னாடி சுத்துனவங்க தப்பா சுத்தி வச்சிருந்தாங்கனா, பாத்து எழுத ஒண்ணும் இருக்காது, கை நின்னு போயிரும். எங்க ஏரியாவுல பம்ப் கம்பெனியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆன ஒரு ஐயா அவர ஒரு ஞாயித்துக்கிழமை உக்கார வச்சு ஸ்லாட்ட எண்ணச் சொன்னாரு. 36 ஸ்லாட். நாலு போல் (காந்த முனை) மோட்டார்னா ஒரு போலுக்கு 9, மூணு பேஸ் இருக்கறதால அந்த 9ல ஒரு பேஸுக்கு 3. அவ்ளோதான், எந்த காயில் எங்க ஆரம்பிக்கணும்னு பேப்பர்ல தானா வந்துருச்சு. அப்புறம் வேகம், 120ஐ கரண்டோட 50 சைக்கிளால பெருக்கி போல் 4ஆல வகுத்தா 1500 வருது, ஆனா மோட்டார் மேல இருக்கற தகட்டுல 1440னு போட்டிருக்கு, மிச்சம் 60 எங்க போச்சுனு தம்பி கேட்டாரு. 1500ல சுத்தற காந்தப்புலத்த விட, உள்ள சுத்தற ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி ஓடுனாத்தான் அதுக்குள்ள கரண்டு உண்டாகும்னு ஐயா சொன்னாரு. உடனே தம்பி, "அப்ப 1500லயே ஓடுச்சுனா என்னங்கய்யா ஆகும்?"னு கேட்டாருங்க. அப்படி ஓடவே ஓடாதுனு ஐயா சொன்னாரு, ஓடுனா ரோட்டாருக்குள்ள கரண்டே இருக்காது, இழுக்கற சக்தியும் இருக்காது, அதனால அந்த வேகத்த மோட்டார் தானா தொடவே முடியாது. இந்த கேள்விய கேக்கறதுக்கு அவருக்கு பத்தாவது பாஸ் தேவைப்படல. கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளும், உக்கார ஒரு எடமும், கணக்கு போட ஒரு பேப்பரும்தான் தேவைப்பட்டுச்சு. இப்ப வெறும் ஸ்டேட்டர் வந்தா பக்கத்து கடைக்காரங்க அவருகிட்டதான் கொண்டு வர்றாங்க.

நாங்க கட்டறது இந்த மூணையும்தாங்க.

நம்ம ஊர்ல இத புதுசா யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. சூலூர் பக்கம் கலங்கல்ல 1893ல பொறந்த ஜி.டி.நாயுடு பள்ளிக்கூட படிப்ப பாதியில விட்டவரு, ஹோட்டல்ல வேலை பாத்து காசு சேத்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள வாங்கி பிரிச்சு பிரிச்சு மாட்டி கத்துக்கிட்டவரு, 1920ல ஒரே ஒரு பஸ்ஸ வச்சு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டுனாரு, 1937ல இந்த ஊர்ல உள்நாட்டு எலக்ட்ரிக் மோட்டார் வந்ததுல அவருக்கு பெரிய பங்கு இருக்கு. இன்னிக்கு அவிநாசி ரோட்டு மேம்பாலத்துக்கே அவர் பேருதான். நம்மூரு முருகானந்தம் பள்ளிக்கூடத்த விட்டுட்டு வெல்டிங் பட்டறையில இருந்தவரு, பொம்பளைங்க மாதவிடாய்க்கு வைக்கற நாப்கின் எதுல செய்யறாங்கனு தானே தேடித்தேடி அது பைன் மரத்துல இருந்து எடுக்கற செல்லுலோஸ்னு கண்டுபுடிச்சு சின்ன மெஷின் செஞ்சாரு, 2016ல பத்மஸ்ரீ வந்துச்சு.

ஆனா இந்த கதைங்கள சொல்லும்போது எல்லாரும் "யாரு ஒத்தாசையும் இல்லாம தனியா ஜெயிச்சாங்க"னு முடிச்சிடறாங்க, அங்கதான் எங்களுக்கு மனசு ஒப்பல. கணக்கு மேதை ராமானுஜனையே எடுத்துக்குங்க. கும்பகோணத்துல இரவல் கணக்கு புத்தகத்த வச்சுட்டு தானா படிச்சாரு, காலேஜ்ல எப்.ஏ. பரீட்சையில மத்த பாடத்துல தோத்துட்டாரு, பேப்பர் வாங்க காசு இல்லாம சிலேட்டுல போட்டு முழங்கையால அழிச்சு அழிச்சு கணக்கு போட்டாரு. அப்ப நெல்லூர்ல கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ் அவரோட நோட்ட பாத்துட்டு மாசம் 25 ரூபா குடுத்தாரு. அப்புறம் 1912ல மெட்ராஸ் துறைமுகத்துல 30 ரூபா சம்பளத்துக்கு கிளார்க் வேலை, அங்க கணக்கு தெரிஞ்ச நாராயண ஐயர் கூட உக்காந்து பேச கெடச்சாரு. 1913ல இங்கிலாந்துல இருந்த கணக்கு வாத்தியார் ஹார்டிக்கு லெட்டர் போறதுக்கு முன்னாடி இவ்ளோ பேரு இருக்காங்க. அந்த 25 ரூபாய யாரும் பெருசா பேசறதில்ல, எங்களுக்கு அதுதான் பெருசா தெரியுது. மூளை ராமானுஜனோடது, ஆனா அது பசியோட அலையாம உக்காந்து வேலை செய்ய யாரோ ஒருத்தர் மாசாமாசம் பணம் குடுத்திருக்காரு. உங்ககிட்ட நாங்க கேக்கறதும் அந்த மாதிரி பணம்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறோம். வீட்டுல உக்காந்து பீஸ் ரேட்டுக்கு காயில் சுத்தற அக்காங்க இந்த பக்கம் நெறைய. அதுல ஒரு அக்கா கம்பி தடிமன அளக்கற ஸ்க்ரூ கேஜ் கருவிய படிக்க கத்துக்கணும்னு வந்தாங்க. மெயின் ஸ்கேல்ல எவ்ளோ, சுத்தற டிரம்ல எவ்ளோ, ரெண்டையும் கூட்டணும், கம்பி மேல இருக்கற எனாமல சுரண்டிட்டுத்தான் அளக்கணும், இதெல்லாம் ஒரு சாயங்காலத்துல பிடிச்சுக்கிட்டாங்க. 22 கேஜ்னா 0.71 மில்லி வரணும், 23னா 0.61 தான், கண்ணுல பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். இப்ப கம்பி வந்து எறங்குனதும் மொதல்ல அளக்கறாங்க, மாறி வந்தா சுத்தறதுக்கு முன்னாடியே திருப்பி அனுப்பறாங்க, முன்னெல்லாம் சுத்தி முடிச்சப்புறம் மோட்டார் சூடாகுதுனு பழி இவங்க மேல வரும். பொம்பளைங்க ராத்திரி பத்தரை வரைக்கும் இருக்க முடியாதுங்கறதால ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்களுக்குனு ஒதுக்கிருக்கோம், கொழந்தைங்கள கூட்டிட்டு வரலாம், கொழந்தைங்களுக்கு ஒரு ஓரமும் இருக்கு, அதுக்கு கதை புத்தகம் யாராச்சும் குடுத்தா நல்லாருக்கும்.

அரசாங்க லைப்ரரி இருக்கேனு ஒரு அண்ணன் கேட்டாரு. இருக்குங்க, நாம கட்டற வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் கட்டறோம், நாங்களும் அங்க போயி படிச்சவங்கதான். ஆனா ஷிப்ட் முடிஞ்சு கையெல்லாம் கிரீஸோட வர்ற நேரத்துக்கு பூட்டியிருக்கு, அதுவுமில்லாம கரண்ட அளக்கற டங் டெஸ்டரையும், இன்சுலேஷன சோதிக்கற மெக்கரையும் எரவல் குடுக்கற லைப்ரரி எங்கயும் இல்ல. போன்லயே எல்லாம் இருக்குனு சொல்றவங்களும் உண்டு, ஐஐடி வாத்தியாருங்க பாடமே என்பிடெல்ங்கற வெப்சைட்ல சும்மா கெடைக்குது, நெஜம்தான். ஆனா அது பெரும்பாலும் இங்கிலீஷ், மூணு நிமிசத்துல ஒரு வார்த்தை புரியலைனா மூடி வச்சிருவோம். பக்கத்துல ஒருத்தர் இருந்து தமிழ்ல சொன்னா, சொன்ன கையோட பெஞ்சுல செஞ்சு பாத்தா, அதே பாடம் உள்ள எறங்குது.

சர்டிபிகேட் குடுப்பீங்களானு எல்லாரும் கேக்கறாங்க. குடுக்க மாட்டோம்ங்க, அதுல நாங்க உறுதியா இருக்கோம். குடுக்க ஆரம்பிச்சா அதுக்கு பரீட்சை, அதுக்கு பீஸ், அப்புறம் தோத்தவன் ஜெயிச்சவன், கடைசியில நாம எதுல இருந்து வெளிய வந்தமோ அதையே கட்டிருவோம். பேப்பர் வேணும்ங்கறவங்களுக்கு வழி காட்டுவோம். வயர்மேன் ஹெல்பர் தேர்வுக்கு 5 வருஷ அனுபவம் இருந்தா போதும், 21 வயசு முடிஞ்சிருக்கணும். திறந்தநிலைப் பள்ளியில 14 வயசுக்கு மேல யாரு வேணா பத்தாவது எழுதலாம். இதுக்கெல்லாம் பாரம் நிரப்ப நாங்க கூட உக்காருவோம்.

இப்ப காசு விஷயம். மொத்தம் 5,20,000 ரூபா ஆகுது. ஷெட்டுக்கு அட்வான்ஸ் 60,000, கூரை ஒழுகறத சரி பண்ணி த்ரீ பேஸ் வயரிங் இழுக்க 1,65,000, நாலரை அடி பெட் பழைய லேத் 1,20,000, மீட்டர் கருவிங்களுக்கு 70,000, பழைய கம்ப்யூட்டர் மூணுக்கு 60,000, மிச்சம் 45,000 மேஜைக்கும் புத்தகத்துக்கும். வயரிங்குக்கு ஏன் இவ்ளோனு கேக்கலாம், எர்த், டிரிப்பர், மெஷினுக்கு போடற பாதுகாப்பு மூடி எல்லாம் சரியா இல்லாம கத்துக்குட்டிங்கள மெஷின் பக்கத்துல விட மாட்டோம், அதுல ஒரு ரூபா கூட கொறைக்கறதா இல்ல. நாங்க எங்களுக்குள்ள போட்டதும் பக்கத்து பட்டறைக்காரங்க குடுத்ததும் சேந்து 1,85,000 கையில இருக்கு. வேண்டியது இன்னும் 3,35,000.

அது போக மாசச் செலவு 15,000 வரும், வாடகை 8,000, கரண்டும் நெட்டும் 3,500, காப்பர் கம்பி, வார்னிஷ், ஈயம்னு தீந்து போற சாமானுக்கு 3,500. சம்பளம் யாருக்கும் இல்ல. மாசம் 500 ரூபா குடுக்க 30 பேரு கெடச்சா வண்டி நிக்காம ஓடும், மொத்தமா பெருசா ஒருத்தர் குடுக்கறத விட இப்படி 30 பேரு குடுக்கறதுதான் எங்களுக்கு தெம்பு. 100 ரூபா குடுத்தாலும் ரசீது உண்டு. பணம் மூணு பேரு கையெழுத்து போட்டாத்தான் எடுக்கற ஜாயின்ட் அக்கவுண்ட்ல இருக்கு, வரவு செலவு நோட்டு பெஞ்சு மேலயே இருக்கும், யாரு வேணா பொரட்டி பாக்கலாம். டிரஸ்ட் பதிவு இனிமேதான் பண்ணணும், அதனால இப்ப வரிவிலக்கு ரசீது குடுக்க முடியாது, தெரிஞ்சுட்டு குடுங்க.

காசு முடியாதவங்க சாமானா குடுங்க. ஓரத்துல கெடக்கற வெர்னியர், எரிஞ்ச மோட்டார், ஓடாத கிரைண்டர், மிக்ஸி, பிள்ளைங்களோட பழைய ஐடிஐ, பாலிடெக்னிக் புத்தகம், எல்லாம் வேணும், எரிஞ்சதுலதான் கத்துக்கவே முடியும். ரிட்டையர் ஆனவங்க வாரத்துல ஒரு சாயங்காலம் வந்து உக்காந்தா அது பணத்த விட பெருசு, அந்த சூப்பர்வைசர் ஐயா மாதிரி இன்னும் நாலு பேரு வேணும், முக்கியமா டிராயிங் படிக்க சொல்லித்தர ஒருத்தரும், ஜிஎஸ்டி கணக்கு சொல்லித்தர ஒருத்தரும்.

லேத்து சிங்காநல்லூர்ல ஒரு பட்டறையில பாத்து பேசி வச்சிருக்கோம், பெட் தேயல, சக் நல்லாருக்கு, ஹெட்ஸ்டாக்ல சத்தமில்ல. ஓனரு நல்ல மனசுக்காரரு, வேற பார்ட்டி கூட குடுக்கறேன்னு சொல்லியும் கார்த்திகை கடைசி வரைக்கும் நமக்காக வச்சிருக்கேன்னு சொல்லிட்டாரு. அதனால லேத்துக்குனு குடுக்க நெனைக்கறவங்க மட்டும் அதுக்குள்ள குடுத்துருங்க, மத்ததுக்கு பொங்கல் வரைக்கும் டைம் இருக்கு.