நாடக வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுக்க ஒரே நாடகத்தைத்தான் படித்தோம்: ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்'. மாதம் ஒரு கூட்டம். மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

முதலில் கொஞ்சம் குழப்பம். மனம் கலங்கிய லியர் மகள்களை விசாரணைக் கூண்டில் ஏற்றுவதாகக் கற்பனை செய்யும் பகுதி சிலருடைய புத்தகத்தில் இருந்தது, சிலரிடம் இல்லை. 1608 பதிப்பில் இருக்கும் அந்தப் பகுதி 1623 பதிப்பில் கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நன்றிகெட்ட மகள்களின் கதை என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். அதை மாற்றியது இரண்டாம் அங்கத்தின் இறுதிப் பகுதி. நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்ட லியர் 100 வீரர்களைத் தன்னோடு வைத்திருக்கிறார். மூத்த மகள் கோனெரில் அதில் பாதியைக் குறைக்கிறாள். இரண்டாம் மகள் ரீகன் 25 போதும் என்கிறாள். உடனே அவர் கோனெரிலிடம் திரும்பி, உன் 50 இவளுடைய 25க்கு இரண்டு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரண்டு மடங்கு என்கிறார். அவளோ 25 எதற்கு, 10 எதற்கு, 5 எதற்கு என்று இறங்குகிறாள். ஒருவன்கூட எதற்கு என்கிறாள் ரீகன்.

இதை மூன்று முறை உரக்கப் படித்தோம். மூன்றாம் முறைதான் முதல் காட்சி உறைத்தது. யாருக்கு என்மேல் பாசம் அதிகம் என்று கேட்டு, பதிலுக்கேற்ப நிலம் கொடுத்தவரே அவர்தான். பட்டம் வேண்டும், பாரம் வேண்டாம் என்று நினைத்தவரும் அவரே. அதற்காக மகள்கள் செய்தது சரியாகிவிடாது. லியருக்கு உதவிய பிரபு கிளாஸ்டரின் கண்களைப் பிடுங்கும் காட்சியைப் படித்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

1606 டிசம்பர் 26 இரவு இந்த நாடகம் முதலாம் ஜேம்ஸின் அரண்மனையில் நடந்தது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒன்றாக்கத் துடித்த மன்னர் முன்னால், வரைபடத்தை விரித்து நாட்டைக் கூறுபோடும் காட்சி!

முதல் காட்சியில் லியர் விரட்டிவிட்ட கடைசி மகள் கார்டீலியா மூல நாடகத்தின் இறுதியில் இறந்துபோகிறாள். 1681இல் கவிஞர் நேஹம் டேட் அதை மாற்றி எழுதி, அவளைப் பிழைக்கவைத்து கிளாஸ்டரின் மகன் எட்கருக்கு மணமுடித்தார். ஒன்றரை நூற்றாண்டு பெரும்பாலும் அதுவே மேடையேறியது. அதுவே நல்லது என்றார்கள் சில உறுப்பினர்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் கூட்டத்தில் லியராக வாசித்தவர் எங்களில் மூத்தவர். என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது என்று லியர் சொல்ல, காரணமே இல்லை, இல்லை என்கிறாள் கார்டீலியா. அதைப் படித்ததும் அந்த மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். அன்று அதற்கு மேல் படிக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு சோபக்ளீஸின் 'அன்டிகனி'யைப் பரிந்துரைக்கிறேன். இம்முறை எல்லோருக்கும் ஒரே பதிப்பை வாங்கிவிடலாம்.

செயலாளர்