கயலுக்கு, ராமென் கடை வாசலில் நிற்கும்போது படிக்க

அன்புள்ள கயல்,

டோக்கியோவுக்குப் போயும் மூன்று வேளையும் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் சோற்றுருண்டை வாங்கி ரூமில் வைத்துச் சாப்பிடுகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்தச் சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை வாசல்வரை போய், உள்ளே எட்டிப் பார்த்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன் என்றாயே, அதுதான் உறுத்துகிறது.

அப்பாவுக்கு அங்கே வேலை இருந்த காலத்தில், நீ பிறப்பதற்கு முன்னால், பகல் முழுக்க நான் தனிதான். மதியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ராமென் கடைக்குப் போவேன். பத்துப் பேர் உட்காரும் கவுண்டர், அதற்குமேல் இடமில்லை. பாஷை தெரியாது. வாயைத் திறக்காமலே வயிறு நிறையச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். தனியாகவா வந்தாய் என்ற பார்வை யாரிடமும் இருக்காது. பக்கத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான், ஆனால் அவரவர் கண் அவரவர் கிண்ணத்தில். நம் ஊரில் அந்த வயதில் எனக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை. உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாசலில் இருக்கும் அந்த டிக்கெட் மெஷின். நம் ஊர் டிபன் கடையில் கல்லாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவோமே, அதேதான். கல்லாக்காரர் இருக்கும் இடத்தில் மெஷின் இருக்கிறது, அவ்வளவுதான். பணத்தை முதலில் போடு. போட்டால்தான் பட்டன்களில் விளக்கு எரியும். எதை அழுத்துவது என்று குழம்பாதே. இடதுபக்கம் மேல் மூலையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடையின் பேர்போன ராமென். எல்லாக் கடையிலும் அப்படி என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் தடவைக்கு அதை நம்பலாம். விலை ஆயிரம் யென்னை ஒட்டி இருக்கும். சின்ன பட்டன்கள் எல்லாம் கூடுதல் முட்டை, கூடுதல் நூடுல்ஸ், நோரி என்ற கடற்பாசித் தாள் இப்படி. முட்டையை மட்டும் விட்டுவிடாதே. சோயா சாற்றில் ஊறி வெள்ளை பழுப்பேறியிருக்கும், மஞ்சள் கரு பாதி இளகி நிற்கும். டிக்கெட் விழுந்த பிறகும் மீதிச் சில்லறை வராவிட்டால் பதறாதே, பக்கத்தில் இருக்கும் பிடியைத் திருப்பினால் விழும்.

ஆயிரம் யென் நோட்டு கைவசம் இருக்கட்டும். பல மெஷின்கள் ஐயாயிரம், பத்தாயிரத்தை வாங்குவதில்லை. இன்னொன்று, 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன. போன வருடம் நானும் அப்பாவும் போயிருந்தபோது, ஒரு சின்னக் கடையின் பழைய மெஷின் புது ஆயிரத்தை வாங்காமல் திருப்பித் திருப்பித் துப்பியது. கடைக்காரரே பழைய நோட்டு எடுத்து மாற்றிக் கொடுத்தார். புதியதில் இருப்பவர் கிதாசாதோ ஷிபாசாபுரோ, பழையதில் நோகுச்சி ஹிதேயோ. இரண்டு முகமும் பர்ஸில் இருந்தால் நல்லது. ரயிலுக்கு வைத்திருக்கும் சுய்க்கா கார்டை வாங்கும் மெஷின்களும் இப்போது உண்டு, ஆனால் அதை நம்பிப் போகாதே.

வெளியே வரிசை இருந்தால் முன்னால் நிற்பவர்களைக் கவனி. சில கடையில் முதலில் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வரிசையில் நிற்க வேண்டும், சிலதில் கூப்பிட்ட பிறகுதான் வாங்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் சத்தமாக வரவேற்பார்கள், பதில் சொல்ல வேண்டியதில்லை, தலையசைத்தால் போதும். எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு விரலைக் காட்டு. உட்கார்ந்து டிக்கெட்டைக் கவுண்டர்மேல் வைத்து "ஒனெகாய்ஷிமாஸ்", அதாவது தயவுசெய்து, என்று சொல். தண்ணீர் பெரும்பாலும் நீயே ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு சமையல்காரரின் கையைப் பார். இதை நீ தவறவிடக் கூடாது. கிண்ணத்தின் அடியில் முதலில் தாரே என்ற உப்புக் கலவை ஒரு கரண்டி, பிறகு கொஞ்சம் வாசனை எண்ணெய், அதன்மேல் கொதிக்கிற சூப். ஆழமான கூடையில் வெந்த நூடுல்ஸைத் தூக்கி இரண்டு மூன்று உதறு உதறுவார். தண்ணீர் சுத்தமாக வடிந்தால்தான் சூப் நீர்க்காது. உதறியதை சூப்பில் இறக்கி, நீளக் குச்சியால் ஒரு முறை தூக்கி மடித்து வைப்பார், தலை வாரியதுபோல இழை இழையாகப் படியும். அதன்மேல் இறைச்சி, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள். நூடுல்ஸ் வெந்து முடிவதற்குள் சூப் தயாராக இருக்க வேண்டும், அந்தக் கணக்கு ஒரு தடவையும் தப்பாது.

கிண்ணம் வந்ததும் உடனே சாப்பிடு. உறிஞ்சிச் சாப்பிடலாம், எல்லாரும் அப்படித்தான். தலைமுடியைக் கட்டிக்கொள். சில கடைகளில் ரப்பர் பேண்டு கவுண்டரிலேயே வைத்திருப்பார்கள். சூப் முழுவதையும் குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, உப்பு அதிகம். முடித்த பிறகு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற இடமில்லை அது, வெளியே நிற்பவருக்கும் பசி. கிண்ணத்தைத் தூக்கிக் கவுண்டரின் மேல்தட்டில் வைத்து, துணி இருந்தால் மேஜையைத் துடைத்து, "கோச்சிசோசாமா தேஷ்தா" என்று சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்திரு. டிப்ஸ் கிடையாது.

சிங்கப்பூரில் பன்றிக்கறி சாப்பிடப் பழகிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் தோழி ராமென் கேட்டால்தான் யோசிக்க வேண்டும், அவள் சுத்த சைவம் இல்லையா? காய்கறி ராமென் என்று போட்டிருந்தாலும் சூப் பன்றி எலும்பிலோ கோழியிலோ மீனிலோ கொதித்ததாகத்தான் இருக்கும். மேலே இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டால் சைவமாகிவிடாது. டோக்கியோ ஸ்டேஷனுக்குள், டிக்கெட் கேட்டுக்கு உள்பக்கம், கெய்யோ ஸ்ட்ரீட்டில் டீஸ் தான்தான் என்று ஒரு கடை இருக்கிறது, அங்கே எல்லாமே வீகன். எள் சேர்த்த தான்தான் நூடுல்ஸ், நானும் சாப்பிட்டேன், குறையே இல்லை. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போ.

எல்லா ஊர் ருசியையும் பார்க்க ஆசை இருந்தால் ஷின்-யோகோஹாமா ராமென் மியூசியம் போகலாம், 1994-ல் திறந்தது. சின்ன அளவுக் கிண்ணமும் தருவார்கள், ஒரே நாளில் வடக்கே சப்போரோவின் மிசோ என்ற சோயா விழுது ராமெனும் தெற்கத்தி தோன்கோத்ஸு என்ற பன்றி எலும்பு ராமெனும் சாப்பிடலாம். முளைப்பயறும் முட்டைக்கோஸும் மலையாகக் குவிக்கிற ஜிரோ வகைக் கடைகள் இப்போதைக்கு வேண்டாம். அளவு அதிகம், பூண்டு போடவா என்று அவர்கள் கேட்பதற்கு அங்கேயே பதிலும் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் ஃபுகுவோகா போகிறாய். அங்கே பெரும்பாலும் பன்றி எலும்பு சூப், மெல்லிய நூடுல்ஸ். மெல்லியது என்பதால் சூப்பில் சீக்கிரம் குழைந்துவிடும், அதனால் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி போடுவார்கள். காயெதாமா என்று கேட்க வேண்டும். நாகாஹாமா மீன் மார்க்கெட்டில் நிற்க நேரமில்லாத வேலையாட்களுக்காக வந்த வழக்கம் அது. சூப் பாதி இருக்கும்போதே கேட்டுவிடு, தீர்ந்த பிறகு கேட்டால் நூடுல்ஸை எதில் போடுவது? நூடுல்ஸ் எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்டால் முதலில் ஃபுத்ஸூ, அதாவது சாதாரணமாக, என்று சொல். இரண்டாவதற்கு காதா, கொஞ்சம் விறைப்பாக. அதுவும் தயக்கமாக இருந்தால் இச்சிரானில் ஆரம்பி. அந்த ஊர்க் கடைதான். ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு பக்கமும் தட்டி அடைத்திருக்கும், எண்ணெய், பூண்டு, காரம் எல்லாவற்றையும் தாளில் வட்டம் போட்டுக் கொடுக்கலாம், ஆங்கிலத் தாளும் உண்டு. ஆனால் அங்கேயே நின்றுவிடாதே, அடுத்த நாள் பெயர் படிக்கத் தெரியாத ஒரு கடைக்குப் போ.

ஹகாத்தா ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டியை காயின் லாக்கரில் போட்டுவிட்டுப் போ. கவுண்டர் ஸ்டூலுக்குப் பின்னால் ஆள் நடக்கவே இடம் இருக்காது.

அன்புடன்,
அம்மா